பட்டிலுக்கு ஒரு ரசீது

'பிரேசில்' படத்தில் சர்வாதிகாரி என்று ஒருவர் கிடையாது. கற்பனையான ஓர் அடக்குமுறை அரசைப் பற்றி டெர்ரி கில்லியம் இயக்கி 1985-ல் வந்த இந்தப் படத்தைப் பார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் அவரைத்தான் தேடுவார்கள். சுவர் முழுக்க ஒரே முகம், பால்கனியில் கையசைப்பு, அணிவகுப்பு எதுவும் கிடைக்காது. துணை அமைச்சர் ஒருவர் வருவார். குண்டுவெடிப்புகளைப் பற்றித் தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனை பாணியில் பேட்டி கொடுப்பார். சிரித்த முகம்தான். இந்தப் படத்தில் ஆளைக் கொல்வது ஒரு தாள்.

அந்தத் தாள் பிறக்கும் விதம் இது. அரசு அலுவலகத்தில் ஒருவர் மேலே ஏறி நின்று கூரையில் இருந்த பூச்சியை அடிக்கிறார். அது நேராக அச்சு இயந்திரத்துக்குள் விழுகிறது. வரிசையாக வந்துகொண்டிருந்த கைது உத்தரவுகளில் ஒன்றில் முதல் எழுத்து மாறி, 'டட்டில்' என்ற பெயர் 'பட்டில்' ஆகிவிடுகிறது. ஆர்ச்சிபால்ட் டட்டில் என்பவர் அனுமதி வாங்காமல் வீடு வீடாகப் போய்ச் சூடேற்றும் குழாய்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். அரசின் கணக்கில் பயங்கரவாதி. ஆர்ச்சிபால்ட் பட்டில் ஓர் அப்பாவி. கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூரையை வட்டமாக அறுத்து உள்ளே குதித்தவர்கள் பட்டிலைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போகிறார்கள். பின்னாலேயே வரும் அதிகாரி மனைவியிடம் கையெழுத்து வாங்குகிறார். கணவரை எடுத்துக்கொண்டதற்கு ஒரு ரசீது, அந்த ரசீதைக் கொடுத்ததற்கு இன்னொரு ரசீது.

படத்தைப் பற்றி எழுதுபவர்கள் வீடெங்கும் நெளியும் குழாய்களைப் பற்றியும் சித்திரவதை நாற்காலியைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். மொத்தப் படமும் அந்த ரசீதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. எந்த அமைப்பிலும் தவறு நடக்கும், பூச்சி எங்கேயும் விழும். ஆளை எடுத்துக்கொண்டதற்குப் படிவம் வைத்திருப்பவர்கள் திருப்பிக் கொடுப்பதற்குப் படிவம் அச்சடித்தார்களா? படம் கேட்பது இதைத்தான்.

மாடி வீட்டுப் பெண் ஜில், ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்ல அலுவலகம் போகிறாள். இந்த கவுன்ட்டரில் அந்த முத்திரை கேட்கிறார்கள், அந்த கவுன்ட்டரில் இந்த முத்திரை கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதால் அவளே சந்தேகப் பட்டியலில் ஏறுகிறாள். விசாரணையில் பட்டில் இறந்துபோகிறார். அவருக்கு இதய நோய். ஆனால் விசாரித்தவர் கையில் இருந்தது டட்டிலின் கோப்பு, அதில் இதய நோய் பற்றி ஒரு வரி இல்லை. தன் மேல் தப்பில்லை என்று அவர் சொல்வதில், அந்த அமைப்பின் கணக்குப்படி, பொய்யும் இல்லை. அம்புகள் எல்லாம் இருக்கின்றன, எய்தவனைத்தான் காணோம்.

இதற்கு மேல் ஒன்று. விசாரணைச் செலவை விசாரிக்கப்படுபவர் கணக்கில்தான் எழுதுவார்கள். டட்டில் கட்ட வேண்டியதைப் பட்டிலிடம் வசூலித்துவிட்டார்கள், எனவே பணம் திரும்ப வேண்டும். செத்தவர் பெயருக்கு வரவு வைக்க வழியில்லை, விதவைக்கு வங்கிக் கணக்கு இல்லை. அரசு ஊழியனான நாயகன் சாம் லௌரி காசோலையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறான். வரவு செலவில் விழுந்த பிழையை அமைப்பு உடனே கண்டுபிடித்துத் திருத்துகிறது. ஆள் விஷயத்தில் விழுந்த பிழை மட்டும் அதன் கண்ணுக்குப் பிழையாகவே தெரியவில்லை.

ஓர் எழுத்து மாறினால் ஓர் ஆள் மாறுவது மிகைதானே என்று கேட்பவர்கள், பெயர்களைக் கணினி எப்படி ஒப்பிடுகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் அளவை, 1965-ல் ரஷ்யக் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் வகுத்த 'திருத்தத் தொலைவு'. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை அது. ஆங்கிலத்தில் ஆர்ச்சிபால்ட் பட்டில் என்ற முழுப்பெயர், இடைவெளியையும் சேர்த்து 16 எழுத்து. டட்டிலோடு ஒப்பிட்டால் மாறுவது ஒன்று. ஒற்றுமை 93.75%. எவ்வளவு ஒத்துப்போனால் 'இவரே அவர்' என்று எடுத்துக்கொள்வது என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருப்பார். அது 85 என்றோ 90 என்றோ இருந்தால் பட்டில் மாட்டிக்கொள்வார், பூச்சியே தேவையில்லை.

இனி ஒரு தமிழ்ப் பெயரை இதே சல்லடையில் போட்டுப் பாருங்கள். தமிழ்ச்செல்வன் என்பவர் பள்ளிச் சான்றிதழில் த-வுக்கு 'டிஎச்', ழ-வுக்கு 'இசட்எச்' போட்டு எழுதியிருக்கிறார்; ஆங்கிலத்தில் 13 எழுத்து. வங்கிக் கணக்கில் வெறும் 'டி', வெறும் 'எல்'; 11 எழுத்து. திருத்தத் தொலைவு 3, ஒற்றுமை சுமார் 77%. அதாவது 85% வரம்பு வைத்த கணினிக்கு பட்டிலும் டட்டிலும் ஒரே ஆள். தமிழ்ச்செல்வனும் தமிழ்ச்செல்வனும் வேறு வேறு ஆள். இதோடு இனிஷியல் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா, விரித்து எழுதினால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறதா என்ற சிக்கல்கள் வேறு. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதல் பெயர் தெரியாது, என்று அச்சாகி வரும். அதையே பெயராகச் சுமந்துகொண்டு ஓட்டுநர் உரிமம் வரைக்கும் போன தமிழர்கள் அங்கே நிறைய உண்டு. பிறந்த தேதியையும் சேர்த்து ஒப்பிட்டால் பிழை குறையும், உண்மைதான். ஆனால் பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்டுவிட்ட ஜூன் மாதப் பிறந்தநாள்கள் நம் ஊரில் எத்தனை என்பது தெரிந்தவர்களுக்கு அந்த நம்பிக்கையும் பாதிதான்.

படத்தில் நடப்பது அப்படியே நடந்தும் இருக்கிறது. லெபனான் பூர்வீகமுள்ள ஜெர்மன் குடிமகன் காலித் எல்-மஸ்ரி 2003 டிசம்பர் 31 அன்று மாசிடோனிய எல்லையில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார். தேடப்பட்டவர் பெயர் காலித் அல்-மஸ்ரி. அரபியில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகள்; ஆங்கில வடிவில் இரண்டே எழுத்து வேறுபாடு. ஸ்கோப்யேயில் ஒரு ஓட்டல் அறையில் 23 நாள் அடைத்து வைத்து, பிறகு சிஐஏ-விடம் கொடுத்தார்கள். அங்கிருந்து ஆப்கானிஸ்தான் ரகசியச் சிறை. ஆள் தவறு என்று தெரிந்த பிறகும் உடனே விடவில்லை. 2004 மே மாதக் கடைசியில் அல்பேனியாவில் ஒரு சாலையோரத்தில் இறக்கிவிட்டார்கள். அமெரிக்க நீதிமன்றங்கள் அரசு ரகசியம் என்ற காரணத்தால் வழக்கை எடுக்கவே மறுத்தன. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மாசிடோனியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்து 60,000 யூரோ இழப்பீடு விதித்தது. சாம் கொண்டுபோன காசோலை இந்த முறை ஒன்பது ஆண்டு தாமதமாக வந்தது.

பூச்சி விழுந்த காட்சிக்கே நேர் இணையாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ரஹினா இப்ராஹிம் வழக்கைச் சொல்வேன். மலேசியர்; ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். 2005 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், சக்கர நாற்காலியில் இருந்தவருக்குக் கைவிலங்கு மாட்டிக் காவலில் வைத்தார்கள். பெயர் விமானத் தடைப் பட்டியலில் இருந்தது. காரணம் ஒரு படிவம். 2004 நவம்பரில் எஃப்பிஐ அதிகாரி ஒருவர் நிரப்பியது. அதில் பட்டியல்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் கட்டங்கள். இந்த நபரை எந்தப் பட்டியல்களில் சேர்க்கக் *கூடாதோ* அவற்றுக்கு எதிரே குறியிடவும் என்பது அறிவுறுத்தல். அதிகாரி சேர்க்க வேண்டியவற்றுக்குக் குறியிடுவதாக நினைத்துவிட்டார். விமானத் தடைப் பட்டியலின் கட்டத்தைக் காலியாக விட்டார், அதனாலேயே பெயர் அதில் ஏறியது.

படிவம் வடிவமைப்பவர்கள் இந்த வழக்கைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். எதிர்மறையாகக் கேட்கும் கட்டம், அவசரத்தில் நிரப்புபவரை எப்போதும் தலைகீழாகத்தான் தள்ளும். காலியாக விட்டால் என்ன ஆகும் என்பது அதைவிட முக்கியம்: இங்கே காலிக் கட்டம் என்றால் தண்டனை. மூன்றாவது, நிரப்பியதை இன்னொருவர் படித்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. அந்த அதிகாரி தன் பிழையை அறிந்ததே 2013 செப்டம்பரில், வழக்கில் சாட்சியம் எடுத்தபோதுதான். நடுவில் என்ன நடந்தது என்றால், விமானத் தடைப் பட்டியலிலிருந்து பெயர் சீக்கிரமே எடுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பதிவிலிருந்து வேறு பட்டியல்களுக்கு நகல் போயிருந்தது. மாணவர் விசா ரத்தானது. அரசு எட்டு ஆண்டு வழக்காடியது, ரகசியம் என்றது. சாட்சி சொல்ல வரவிருந்த அவர் மகள், அமெரிக்கக் குடிமகள், அவரையும் விமானத்தில் ஏற்றவில்லை. 2014 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஆல்சப், பிழை பரவிய எல்லாத் தரவுத்தளங்களையும் தேடித் திருத்தும்படி உத்தரவிட்டார். மூலத்தில் திருத்தினால் நகல்கள் தாமாகத் திருந்தாது என்று நீதிமன்றமே எழுத வேண்டியிருந்தது.

எண்ணிக்கையில் பெரிது ஆஸ்திரேலியாவில் நடந்த 'ரோபோடெட்'. அதில் பூச்சிகூட இல்லை, ஒரு வகுத்தல் கணக்கு மட்டும். அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தைச் சொல்ல வேண்டும். வரித்துறையிடம் இருப்பதோ ஆண்டு வருமானம். கணினி அதை 26-ஆல் வகுத்து, இருவாரக் கணக்கோடு ஒப்பிட்டது. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். அங்கே நிதியாண்டு ஜூலையில் தொடங்கும். ஒருவர் ஜூலை முதல் டிசம்பர் வரை வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். ஜனவரியில் வேலை போகிறது. ஜூன் வரை உதவித்தொகை வாங்குகிறார், ஒவ்வொரு முறையும் வருமானம் பூஜ்யம் என்று உண்மையைச் சொல்கிறார். கணினி 26,000-ஐ 26-ஆல் வகுத்து, ஜனவரி முதல் ஜூன் வரையிலும் இவர் இரு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்ததாக முடிவு செய்கிறது. பூஜ்யம் என்று சொன்னது பொய்யாகிறது, வாங்கிய தொகை கடனாகிறது. சில வழக்குகளில் அதன் மேல் 10% அபராதமும் சேர்ந்தது. மறுக்க வேண்டுமானால் சில ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளை அவரே கொண்டுவர வேண்டும். வேலை கொடுத்த கடை மூடியிருந்தாலும்தான். இத்தகைய முரண்பாடுகளை முன்பு ஊழியர்கள் பார்த்து ஆண்டுக்குச் சுமார் 20,000 தலையீடுகள் செய்தார்கள். தானியங்கியான பிறகு அதே எண்ணிக்கை வாரத்துக்கு என்றானது.

இந்தச் சராசரிக் கணக்குக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்ற ஆலோசனை 2014-லேயே துறைக்குள் இருந்தது. 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொள்ளும்வரை கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. 2023 ஜூலையில் கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையில் வருபவர்களும் படத்து ஊழியர்கள் மாதிரிதான். அவரவர் மேசைக்கு வந்ததை அவரவர் நகர்த்தியிருக்கிறார்கள்.

கணினி இல்லாமலும் இது நடக்கும். உத்தரப் பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்து லால் பிஹாரி கடன் கேட்டு ஆவணம் எடுக்கப் போனபோது, தான் இறந்துவிட்டதாக வருவாய்ப் பதிவேட்டில் இருப்பதைப் பார்த்தார். நிலத்துக்காக உறவினர் செய்த வேலை. உயிரோடு எதிரே நிற்பவரை நம்புவதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை. எனவே அவர் அரசின் கோப்புகளுக்குள் தன் பெயரை எப்படியாவது நுழைக்கும் வழிகளைத் தேடினார். மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். 1989-ல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்து வேட்புமனு போட்டார். தன்னைப் போன்றவர்களுக்காக 'மிருதக் சங்கம்', அதாவது இறந்தோர் சங்கம், தொடங்கினார். 1994-ல் பதிவேட்டில் உயிர்த்தெழுந்தார். கில்லியம் இதைப் படமெடுத்திருந்தால் மிகை என்று வெட்டச் சொல்லியிருப்பார்கள்.

விசாரணைச் செலவைக் கைதியிடம் வாங்கும் நகைச்சுவைக்கும் நிஜ இணை உண்டு, அதுவும் படம் எடுத்த பிரிட்டனிலேயே. தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்போது, சிறையில் தங்கிச் சாப்பிட்டதால் அவருக்கு மிச்சமான வாழ்க்கைச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்பதை 2007-ல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சரி என்றது. செய்யாத குற்றத்துக்கு 17 ஆண்டு சிறையில் இருந்த ஆண்ட்ரூ மால்கின்சன் மீதான தீர்ப்பு 2023 ஜூலையில் ரத்தாகி, இந்தக் கழிவு பற்றிப் பெரும் கூச்சல் எழுந்த பிறகுதான் அந்த விதி போனது. படத்தில் வருவது போல பணத்தைத் திருப்பித் தந்தால்கூடப் பரவாயில்லை, இங்கே பிடித்தம்.

அதே பிரிட்டனில் அஞ்சல் துறையின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள் காட்டிய பொய்ப் பற்றாக்குறைகளை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்களும் ஊழியர்களும் திருட்டு, மோசடிக் குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே கோளாறு இப்படி ஒன்று: திரை உறைந்து நின்றதால் பணம் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும் விசையைத் திரும்ப அழுத்தினால், ஒரே 8,000 பவுண்ட் நான்கு முறை பதிவாகி, கையில் இல்லாத 24,000 பவுண்ட் கணக்கில் நிற்கும். கணினி சரியாக இயங்கியதா என்று நிரூபிக்க வேண்டிய கடமையை 1999-ல் ஒரு சட்டத் திருத்தம் நீக்கியிருந்தது. மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரி என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். படத்தில் பட்டில் வீட்டுக் கூரை ஓட்டையை அடைக்க வரும் ஊழியர், நாங்கள் தப்பே செய்வதில்லை என்பார். சொல்லி முடிப்பதற்குள், அளவு பொருந்தாத மூடி ஓட்டை வழியாகத் தரையில் விழும்.

துல்லியம் 99.9% என்று விளம்பரப்படுத்தும் அமைப்புகளுக்கும் ஒரு கணக்கு. ஒரு கோடிப் பேரைச் சலிக்கிறது. தேட வேண்டியவர்கள் அதில் 100 பேர். அத்தனை பேரையும் பிடித்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பேரில் ஆயிரத்துக்கு ஒருவர் தவறாக மாட்டினால் சுமார் 10,000 பேர். பிடிபட்ட 10,100 பேரில் 99% பட்டில்கள்.

எனவே புதிதாக ஒரு சரிபார்ப்புத் திட்டம் அறிவிக்கப்படும்போது அதன் துல்லியத்தைப் பற்றிக் கேட்பதில் பெரிய பயன் இல்லை என்பேன். வரும் அறிவிப்பில் எந்தப் பதிவோடு எந்தப் பதிவு ஒப்பிடப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; 'முரண்பாடு கண்டறியப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அதற்குப் பதில் எழுதவே முடியாது. ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்போது பிடித்தமோ நீக்கமோ நிற்குமா என்பது அடுத்தது. நிற்காவிட்டால் மேல்முறையீடு வெறும் அலங்காரம். நிரூபிக்கும் சுமை யார் மேல், எத்தனை ஆண்டுத் தாள்களைக் கேட்கலாம், திருத்தம் நகல்களுக்கும் போகுமா, கணினி சொன்னதை மீறிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒரு மனிதர் எந்த மேசையில் இருக்கிறார் என்பவை மீதி. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் மற்ற பதில்கள் எல்லாம் சுற்றறிக்கையோடு சரி. தனி ஆள் செய்யக்கூடியது சிறியதுதான், ஆனால் உண்டு: கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் தேதியோடு ஒப்புகை வாங்குவது, பெயரின் ஆங்கில எழுத்துக்கோவையை எல்லா ஆவணத்திலும் ஒன்றாக்குவது, பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் இருப்பது.

படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் எந்தப் பதிப்பு என்று கவனிக்கவும். ஐரோப்பாவில் வெளியானது 142 நிமிடம். அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் முடிவை மாற்றச் சொல்லி அடம்பிடித்தது. என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று கில்லியம் 'வெரைட்டி' இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கம் வெளிவராத படத்துக்கு ஆண்டின் சிறந்த பட விருதைக் கொடுத்துவிட்டது. பிறகு 132 நிமிடத்தில் வெளியானது. ஸ்டுடியோ தானாக வெட்டிய 94 நிமிட வடிவம் ஒன்றும் உண்டு. தொலைக்காட்சியில் காட்டப்பட்டது, அதில் எல்லாம் சுபமாக முடியும். 142-ஐப் பாருங்கள். யாராவது இதை ஒரு நல்ல காதல் படம் என்று சொன்னால், அவர் பார்த்தது 94.